3/22, 7/20: நெல்லை வீட்டுச் சுவருக்குள் ஒரு பழைய கணக்கு

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் பழைய எலக்ட்ரீசியன்கள் சிலர் இன்னமும் 3/22, 7/20 என்றுதான் வயர் கேட்பார்கள். முதல் எண், எத்தனை இழை. இரண்டாவது, ஒவ்வொரு இழையின் கேஜ். 1884-ல் பிரிட்டன் சட்டமாக்கிய ஸ்டாண்டர்ட் வயர் கேஜ் இது. இதில் எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 22 கேஜ் என்றால் 0.711 மி.மீ. விட்டம், 20 கேஜ் என்றால் 0.914. கணக்குப் போட்டால் 3/22 சுமார் 1.2 சதுர மி.மீ., 7/20 சுமார் 4.6.

இந்த எண்கள் நம்ம வீடுகளுக்குள்ள வந்த காலத்தைப் பாருங்க. தாமிரபரணித் தண்ணீரின் விசையை 1880-களிலேயே பாபநாசத்தில் ஹார்வி மில் பயன்படுத்திக்கொண்டது. பைக்காரா (1932), மேட்டூர் (1937) நீர்மின் நிலையங்களுக்கு அடுத்து 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. வீட்டுக்கு வந்த கரண்டுக்கு அப்போ பெரிய வேலை கிடையாது. நாலு 40 வாட் பல்பு, ஒரு ஃபேன், எல்லாம் சேர்த்தாலும் ஒரு ஆம்பியர்தான். தேக்குப் பட்டையில் கிளிப் அடித்து ஓட்டிய 3/22 வயர் அதுக்குத் தாராளம்.

1956-ல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தபின் வயரும் மெல்ல சதுர மில்லிமீட்டருக்கு மாறியது. 5, 15 ஆம்பியர் சாக்கெட்டுகள் பின்னாளில் 6, 16 என்றாயின. பெயரெல்லாம் மாறிவிட்டது. பழைய வீட்டுச் சுவரில் இருக்கும் கம்பி மட்டும் அப்படியே இருக்கு.

சிக்கல் இங்கதான். 3000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். போர்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 40 மீட்டர் கம்பி. செம்பு 3/22-ல் அந்தக் கம்பியே சுமார் 100 வாட் சூடாக வீணாக்கும். 7/20-ல் 25 வாட்தான். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு, இதை மறந்துடக் கூடாது. அலுமினிய வயராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் கடத்தும் திறன் செம்பில் சுமார் 60 சதவீதம்தான்.

சாக்கெட்டில் 16 ஆம்பியர் என்று எழுதியிருப்பதால் பின்னால் வரும் வயர் அதைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. லைட் சர்க்யூட்டிலிருந்தே இழுத்து 15 ஆம்பியர் பிளக் வைத்த வீடுகள் உண்டு. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கிப் போடும் பழக்கம்தான், இன்று எம்சிபி ட்ரிப் ஆகுதுன்னு பெரிய எம்சிபி மாட்டும் பழக்கமாக வந்து நிற்கிறது. இரண்டிலும் முதலில் உருகப்போவது சுவருக்குள் இருக்கும் வயரின் இன்சுலேஷன்.

விதி எளிது: எம்சிபி காக்க வேண்டியது வயரை. வயர் தாங்கும் அளவுக்கு மேல் எம்சிபி போகக் கூடாது. லைட்டுக்கு 1.5, 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு போர்டிலிருந்தே தனியாக 4 சதுர மி.மீ. செம்பு, கூடவே எர்த். பழைய வீட்டில் ஏசியோ கீசரோ வாங்குமுன், மெயினை அணைத்து எலக்ட்ரீசியனை விட்டு சாக்கெட்டைத் திறந்து இழையை எண்ணச் சொல்லுங்க. மூணு மெல்லிய இழை தெரிந்தால், அது 40 வாட் பல்புக்காக வந்த வயர்.