இருண்ட திரைக்கு ஒளி வந்த வரலாறு

ஒரு கருவியை ஆக்குவோர் சிலர்; அதனை ஆள்வோர் பலர். ஆக்குவோர் அறிந்த நுட்பம் ஆள்வோர்க்கும் அறியக் கிடைத்தல் வேண்டுமா என்னும் வினா மாந்தர் வாழ்வில் மிகப் பழமையானது. ஏர் முறிந்தபோது ஊர்த் தச்சன் அதனைச் செப்பனிட்டான். தறி பழுதுற்றபோது நெசவாளியே அதனைச் சீர்செய்தான். பழுது கண்முன் நிகழ்ந்தும், அதனுள்ளே நோக்கும் உரிமை பொருளின் உடைமையாளனுக்கே இல்லை என்னும் நிலை கணினிக் காலத்தில்தான் பெருகியது. அந்நிலையை எதிர்த்து எழுந்த ஒரு நெடிய முயற்சியின் வரலாற்றையே இக்கட்டுரை கூறுகின்றது. மேசைக் கணினியின் திரை ஏன் இருள்கின்றது, அதற்கு மீண்டும் ஒளியூட்டும் வழி எவ்வாறு பிறந்தது என்பதே இதன் பொருள்.

இயக்கி என்பது யாது?

கணினியின் உள்ளே படம் வரைவதற்கென்றே ஒரு சில்லு உண்டு. அதனை வரைகலைச் சில்லு என்பர். அச்சில்லுக்கு மாந்தர் மொழி தெரியாது; இயங்குதளத்தின் பொதுமொழியும் தெரியாது. ஒவ்வொரு நிறுவனத்தின் சில்லும் தனக்கென ஒரு தனிமொழி உடையது. இயங்குதளம் இடும் ஆணையைச் சில்லின் தனிமொழிக்கு மாற்றித் தரும் துபாசியே வரைகலை இயக்கி எனப்படும் மென்பொருள். துபாசி பிழைபடின் அரசனும் குற்றமற்றவன், தூதனும் குற்றமற்றவன். ஆயினும் காரியம் கெடும். திரை இருள்வது, கோடுகள் சிதறுவது, படம் நகராது உறைவது ஆகிய தொல்லைகளுள் பல இத்துபாசியின் பிழையால் விளைவனவே.

மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் இசைவு தரும் முறையைத் திறமூலம் என்றும், அவ்வுரிமையையே அறமாகக் கொள்ளும் இயக்கத்தைக் கட்டற்ற மென்பொருள் இயக்கம் என்றும் வழங்குகின்றோம். இவ்வியக்கத்தின் தோற்றுவாயிலேயே ஓர் இயக்கிச் சிக்கல் நிற்கின்றது.

அச்சுப்பொறியில் பிறந்த வினா

1980ஆம் ஆண்டையொட்டிய காலம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துச் செயற்கை அறிவு ஆய்வகத்திற்குச் செராக்ஸ் நிறுவனம் ஒரு புதிய லேசர் அச்சுப்பொறியை வழங்கியது. பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் அதனைப் பயனாளர்க்குத் தெரிவிக்கும் வண்ணம் அங்குப் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிய பொறியிலும் தாள் சிக்கியது. ஆனால் அதன் மூலநிரல் கிடைக்கவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரும், வெளியிடேன் என முன்னரே உறுதியளித்திருந்தமையால், தர மறுத்தார். சிறு தொல்லைதான், ஆனால் அதனுள் பெரும் வினா ஒன்று அடங்கியிருந்தது. 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றியது. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவகத்தை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்தமையால் எவரும் திறந்து பார்க்கத்தக்க முழுமையான இயங்குதளம் ஒன்று உலகிற்குக் கிடைத்தது.

திரையில் சாளரங்களைக் காட்டும் பணியை ஏற்றது எக்ஸ் சாளர முறைமை. இதுவும் அதே கழகத்தில் 1984இல் பிறந்தது. இதன் பதினோராம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. தனியாள் கணினிக்கு இதனைக் கொணர்ந்தோர் 1992இல் எக்ஸ்ஃபிரீ86 என்னும் குழுவாக இணைந்தனர்.

கணக்கறிந்து திரை ஏற்றிய காலம்

அக்காலப் பயனாளர் பட்ட பாட்டை இக்கால மாணவர் அறிந்துகொள்ளல் நன்று. இன்று திரையே தன் இயல்புகளைக் கணினிக்குத் தெரிவிக்கின்றது. 1990களின் தொடக்கத்திலோ, குழாய்த் திரையின் அதிர்வெண்களைப் பயனாளரே கைந்நூலில் தேடி, அமைப்புக் கோப்பில் எழுத வேண்டியிருந்தது. ஒரு கணக்கைக் காண்போம். 640க்கு 480 புள்ளிகள் கொண்ட திரைக்கு, ஒளிக்கதிர் ஓரம் திரும்பும் நேரத்தையும் சேர்த்து, ஒரு வரிக்கு 800 புள்ளிகளும் ஒரு படத்திற்கு 525 வரிகளும் கொள்வர். நொடிக்கு 2,51,75,000 புள்ளிகள் வீதம் அனுப்பினால், அதனை 800ஆல் வகுக்க நொடிக்கு ஏறத்தாழ 31,469 வரிகள் கிடைக்கும். அதனை 525ஆல் வகுக்க நொடிக்கு ஏறத்தாழ 60 படங்கள் கிடைக்கும். இவ்வெண்களைத் திரை தாங்கும் எல்லைக்கு அப்பால் எழுதிவிட்டால் படம் சிதறும். சில பழைய திரைகள் கெட்டுப்போகவும் கூடும். எனவே அன்று இயக்கிச் சிக்கலைத் தீர்ப்பது கணிதப் பயிற்சியாகவும் அமைந்தது.

2004இல் எக்ஸ்ஃபிரீ86 குழு தன் உரிம விதிகளை மாற்றியபோது பலர் அதனை ஏற்கவில்லை. நிரல் திறந்திருந்தமையால் அவர்கள் அதனை எடுத்துக்கொண்டு எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளையின் கீழ்ப் பணியைத் தொடர்ந்தனர். குழு பிரிந்தும் பணி நிற்கவில்லை. திறந்த நிரலின் வலிமை யாது என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று.

மூன்று நிறுவனம், மூன்று வழி

வரைகலைச் சில்லு செய்வோருள் இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா ஆகிய மூன்றும் முதன்மையானவை. இவற்றுள் முன்னைய இரண்டும் நம் பினாங்கு மாநிலத்தோடு தொடர்புடையவை. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக வட்டாரம் அமைந்தபோது முதலில் வந்த நிறுவனங்களுள் இன்டெலும் ஏ.எம்.டி.யும் அடங்கும். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாக ஆலை அமைத்தது இங்கேதான். பல இனத்து மகளிரின் கைகள் அங்குச் சில்லுகளைப் பொருத்தின. பொருத்திய கைகளுக்கு அவற்றின் உள்மொழி திறக்கப்படவில்லை என்பது வரலாற்றில் எண்ணத்தக்க செய்தி.

பிற்காலத்தில் அவ்விரு நிறுவனங்களும் கதவைத் திறந்தன. இன்டெல் 2006இல் தன் புதிய வரைகலைச் சில்லுகளுக்குத் திறமூல இயக்கியை வெளியிட்டது. 2006இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தை வாங்கிய ஏ.எம்.டி., அடுத்த ஆண்டிலேயே சில்லுகளின் நுட்ப ஏடுகளைப் பொதுமக்களுக்கு வெளியிடத் தொடங்கியது. பிரயன் பால் என்பார் 1993இல் தொடங்கிய மேசா என்னும் வரைகலை நூலகம் இவ்வியக்கிகளுக்குப் பொதுமனையாயிற்று.

என்விடியா வேறு வழியிற் சென்றது. இயக்கியைத் தந்தது, மூலநிரலைத் தரவில்லை. லினக்ஸ் கருவகமோ ஆண்டுக்குப் பலமுறை புதுப்பிக்கப்படுவது. பழைய கருவகத்துக்கென அமைந்த மூடிய இயக்கி, புதிய கருவகத்தோடு பொருந்தாமற் போகும்போது திரை இருளும். இக்குறையைப் போக்க எண்ணிய தன்னார்வலர்கள், சில்லின் நடத்தையை வெளியிலிருந்தே நோக்கி, அதன் மொழியை உய்த்துணர்ந்து, நூவோ என்னும் இயக்கியை எழுதினர். கல்வெட்டின் அறியா எழுத்தை அறிஞர் ஒப்புநோக்கிப் படிப்பதை ஒத்தது அப்பணி. 2010இல் அது லினக்ஸ் கருவகத்திற் சேர்ந்தது. ஆயினும் 2014க்குப் பின் வந்த என்விடியாவின் சில்லுகள், நிறுவனம் ஒப்பமிட்ட நிலைப்பொருளையே ஏற்குமாறு அமைந்தமையால் அப்பணி தடைப்பட்டது. 2012இல் பின்லாந்தில் நிகழ்ந்த உரையாடலொன்றில் டோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்தைக் கடுஞ்சொல்லால் கண்டித்தது உலகறிந்த செய்தி. 2022 மே மாதத்தில்தான் என்விடியா தன் கருவக இயக்கியின் மூலநிரலை வெளியிட்டது. அதுவும் 2018க்குப் பின்னர் வந்த சில்லுகளுக்கே பயன்படுவது.

திறப்பதால் விளையும் பயன் யாது? 2002இல் வெளிவந்த ரேடியான் 9700 அட்டைக்கான இயக்கி இருபதாண்டு கடந்த பின்னும் மேசாவில் வாழ்கின்றது. என்விடியாவின் 2010ஆம் ஆண்டுத் தலைமுறை அட்டைகளுக்கோ, மூடிய இயக்கியின் பேணல் 2022 இறுதியோடு நின்றுவிட்டது. நிறுவனம் கைவிட்டாலும் ஊர் கைவிடாது என்பதே திறமூலத்தின் பொருள்.

பழுது நாடும் முறை

நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்த பின்னரே மருந்து தேடல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய மருத்துவ நெறி. இருண்ட திரைக்கும் அந்நெறியே பொருந்தும்.

முதற்கண், புறக்காரணம் நீக்குக. கணினியை முடுக்கியவுடன் நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றுகின்றதா? தோன்றின் திரையும் கம்பியும் பெரும்பாலும் நலமே. தோன்றவில்லையெனின், தனி அட்டை பொருத்திய கணினியில் திரைக் கம்பியைத் தாய்ப்பலகையின் துளையில் தவறாகச் செருகியுள்ளோமா எனக் காண்க. மிகப் பலரை மயக்குவது இச்சிறு பிழையே.

இரண்டாவது, சில்லின் பெயரையும், அதற்கென ஏற்றப்பட்ட இயக்கியின் பெயரையும் அறிக. லினக்சில் எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளை இரண்டையும் காட்டும். ஒரே சில்லுக்கு நூவோவும் மூடிய இயக்கியும் போட்டியிட்டால் ஒன்றனை விலக்குதல் வேண்டும்.

மூன்றாவது, வரைகலை இன்றிக் கணினியை எழுப்புக. தொடக்கத்தில் நோமோட்செட் என்னும் சொல்லைச் சேர்த்தால், கருவகம் சில்லின் சிறப்பாற்றலை நாடாது எளிய படத்தையே காட்டும். அப்போது ஒளி வந்தால் குற்றம் இயக்கியின் பக்கம் உள்ளதென ஐயுறலாம். இது நோயறியும் வழியேயன்றி நிலையான மருந்தன்று. புதுப்பித்தலுக்குப் பின்னரே சிக்கல் எழுந்ததாயின், பழைய கருவகத்தைத் தேர்ந்து எழுப்பிப் பார்த்தலும் நன்று.

நான்காவது, குறிப்பேட்டைப் படிக்க. எக்ஸ்.ஆர்க் தன் பணிகளை எல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்கின்றது. அதில் இரட்டை 'ஈ' எழுத்துப் பிழையையும், இரட்டை 'டபிள்யூ' எச்சரிக்கையையும், இரட்டை 'ஐ' வெறுஞ்செய்தியையும் குறிக்கும். உரையாசிரியர் குறியீடுகளை அறிந்து நூல் கற்போர்க்கு இது அரியதன்று. நிலைப்பொருள் கிடைக்கவில்லை என்னும் செய்தி காணப்பட்டால் அதனை நிறுவினாலே போதும். டெபியன் குழு இத்தகைய கட்டுள்ள நிலைப்பொருளை நெடுங்காலம் தன் நிறுவற்பொதியில் சேர்க்காதிருந்தது. 2022இல் உறுப்பினர் வாக்கெடுப்பால் அம்முடிவை மாற்றி, 2023இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டது.

ஐந்தாவது, படம் வந்தும் மிக மெதுவாக நகர்ந்தால், வரைபவர் யாவர் எனக் காண்க. இயக்கி இயங்காதபோது மேசாவின் எல்.எல்.வி.எம்.பைப் என்னும் பகுதி, சில்லின் வேலையை மையச் செயலியைக் கொண்டே செய்யும். அப்பெயர் தோன்றின், மருந்து தேட வேண்டிய இடம் தெளிவாகும்.

தமிழும் திரையும்

தமிழாசிரியர் சிறப்பாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. திரையில் ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் இடம்மாறி நின்றாலோ, எழுத்துக்கு மாற்றாகக் கட்டங்கள் தோன்றினாலோ, அது வரைகலை இயக்கியின் குற்றமன்று. கட்டம் தோன்றின் எழுத்துரு இல்லை. கொம்பு இடம்மாறின் எழுத்தைக் கோத்துத் தரும் மென்பொருள் பிழைபட்டது. 1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்ற போதிலும், அதனைத் திரையிற் பிழையின்றிக் காணப் பல்லாண்டு உழைப்புத் தேவைப்பட்டது. அவ்வுழைப்பில் மலேசியத் தமிழருக்கும் பெரும்பங்கு உண்டு. முரசு அஞ்சல் மென்பொருளை ஆக்கிய முத்து நெடுமாறன் இந்நாட்டவர். 2001ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பழுதின் இருப்பிடத்தை அடுக்கடுக்காகப் பிரித்தறியும் பயிற்சி, எழுத்து, சொல், பொருள் என மொழியைப் பகுத்தாராய்ந்த மரபினருக்குப் புதிதன்று.

நம் பள்ளிகளும் இவ்வரலாறும்

செபராங் பிறையின் தென்பகுதியில் நிபோங் திபாலைச் சூழ்ந்த நிலம், கரும்பும் இரப்பரும் செம்பனையும் நம் முன்னோர் உழைப்பால் வளர்ந்த நிலம். அங்குள்ள பைராம் தோட்டம் போன்ற இடங்களில் தமிழ்ப்பள்ளியே சிறுவர்க்கு உலகின் வாயில். இத்தகைய பள்ளிகளுக்கு இன்று ஒரு வினா நேர்ந்துள்ளது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் பத்தாம் பதிப்புக்கான பொது ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதியற்றவை எனப் பல கணினிகள், உடல் நலமுடன் இருந்தும், ஒதுக்கப்படும் நிலையில் உள்ளன. அவற்றிற் பல, கட்டற்ற இயங்குதளத்தை ஏற்றால் இன்னும் பல்லாண்டு பணிபுரியும். அவ்வாறு ஏற்றும்போது முதலில் வழிமறிப்பது பெரும்பாலும் வரைகலை இயக்கியே. அந்த ஒரு தடையை நீக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் கணினி பிழைக்கும். இல்லையெனின் அது குப்பைக்குச் செல்லும்.

மலேசிய அரசு 2004இல் பொதுத்துறைக்கெனத் திறமூலப் பெருந்திட்டத்தை வகுத்தது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இடம்பெற்றது. அரசுகள் வழி திறக்கலாம். ஆனால் ஏதேனும் ஒரு காலைப்பொழுதில் வகுப்பறைத் திரை இருளும்போது அங்கு நிற்பவர் ஆசிரியர்தாம். நெறியறிந்தால் அவர் அஞ்ச வேண்டியதில்லை.

1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்து, நூலைப் பொதுவில் வைத்தார். பூட்டிய பெட்டியில் இருந்த ஏடு செல்லுக்கு இரையாயிற்று. திறந்த ஏடு வாழ்ந்தது. நூறாண்டு கழித்து, 1987இல் தன் பதினோராம் பதிப்பைக் கண்ட எக்ஸ் முறைமையும், அதன் வழிவந்த இயக்கிகளும் பலர் கைபட்டுப் பிழை நீங்கியே வளர்ந்தன. பெயரறியாப் பயனாளர் ஒருவர் தம் பழுதைச் செவ்வனே விவரித்து எழுதியனுப்பும் அறிக்கையும் அப்பதிப்புப் பணியில் ஒரு பகுதியே. நம் மாணவர்கள் திருத்தங்களைப் பெறுவோராக மட்டும் நில்லாது, தருவோராகவும் வளர்தல் வேண்டும். பாயான் லெப்பாசில் சில்லைப் பொருத்திய தலைமுறைக்கு மூடியிருந்த அறிவு, இன்று தோட்டப்பள்ளி மாணவனுக்கும் திறந்து கிடக்கின்றது. அதனைப் படிக்கும் பயிற்சியை அவனுக்கு அளிப்பது ஆசிரியர் கடன்.