பியானோவின் கால் புதைந்த மரத்தளம்

1948 ஆம் ஆண்டின் கோடையில், அமெரிக்க ஜனாதிபதி ஹரி ட்ரூமனின் மகள் மார்கரெட்டுடைய பியானோவின் கால் ஒன்று வெள்ளை மாளிகையின் மேல்மாடி மரத்தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. கீழேயிருந்த குடும்ப உணவறையின் உட்கூரைச் சாந்தும் பெயர்ந்தது. பத்திரிகைக்காரருக்குப் பியானோக் கதையே இனிக்கும். உண்மைக் கதை பலகைக்குக் கீழே கிடந்தது.

1814 ஓகஸ்ட்டில் பிரித்தானியப் படையினர் மாளிகையைத் தீக்கிரையாக்கினர். அதனை முதலில் வடிவமைத்த ஜேம்ஸ் ஹோபனே மீண்டும் கட்டியெழுப்ப, 1817 இல் ஜனாதிபதி மன்றோ குடிபுகுந்தார். அக்காலத்துப் பைன் மர உத்தரங்களே 1948 வரை மேல்மாடித் தளத்தைச் சுமந்து நின்றன. 1833 இல் குழாய்நீர் வந்தது. 1848 இல் எரிவாயு விளக்கு. 1891 இல் மின்சாரம். வந்த ஒவ்வொன்றும் உத்தரங்களை வெட்டியும் துளைத்துமே தனக்கு வழி தேடிக்கொண்டது. போதாததற்கு, 1927 இல் உருக்கும் கொங்கிறீற்றும் கொண்ட மூன்றாம் மாடியின் பாரமும் பழைய உட்சுவர்கள்மீது ஏற்றப்பட்டது. ஆக, உடைந்தது பலகையேயாயினும் பழுது பலகையினுடையதன்று.

முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டலாமென்ற யோசனையும் எழுந்தது. ட்ரூமன் வெளிச்சுவர்களைக் காப்பதில் உறுதியாக நின்றார். சுவரில் பெரிய வாயில் உடைக்க அவர் இணங்காமையால், மண்வாரி இயந்திரத்தையே கழற்றி உள்ளே கொண்டுசென்று பூட்டினர்! சுவர்களுக்குள்ளே இருந்தவை அகற்றப்பட்டு உருக்குச் சட்டகம் எழுந்தது. 1952 மார்ச்சில் ட்ரூமன் குடும்பத்தினர் திரும்பி வந்தபோது, கிழக்கு மண்டபத்தில் 1902 ஆம் ஆண்டுத் தளத்தின் அதே பாணியில் புதிய ஓக் மரத்தளம் பளபளத்தது. அழகிய தளந்தான், எனினும் அதனை மூலத்தளமென்று கூறவியலாது.

இன்று பழைய வீட்டைப் புதுப்பிப்போர், பலகைகளுக்கு இலக்கமிட்டுக் கவனமாகக் கழற்றி, நலிந்த உத்தரத்தின் பக்கத்தில் புதுமரம் சேர்த்து இறுக்கி, அதே பலகைகளை அதே இடத்திற் பதிப்பதுண்டு. மேற்பரப்பைச் சீவி மெருகூட்டுவது அதன் பின்னரே. அத்தனை பெரிய பாரம் ஏறிய மாளிகையில் இது மட்டும் போதியிராது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அகற்றப்பட்ட மரங்களிற் பல நினைவுப் பொருள்களாகச் சிதறிப்போயின. சில உத்தரங்கள் பலகைகளாக அறுக்கப்பட்டு, மாளிகையின் தரைத்தளத்து நூலகம் முதலிய அறைகளின் சுவர்களிற் பதிக்கப்பட்டன. பின்னாளில் நூலகத்துப் பலகைகளின்மேல் வர்ணமும் பூசிவிட்டார்கள்.