லெமன் சட்டம்

புதிதாக வாங்கிய கார் திரும்பத் திரும்பப் பழுதாகி, போதிய வாய்ப்புக் கொடுத்தும் சரிசெய்ய முடியாமல் போனால், வண்டியை மாற்றித் தரும்படியோ பணத்தைத் திருப்பித் தரும்படியோ தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம். காருக்கென்றே தனியாக இது முதலில் இயற்றப்பட்டது 1982-இல், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில். இன்று அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் உள்ளது. பழுதை நிரூபிக்க வேண்டியவர் யார்? எத்தனை முறை ரிப்பேருக்கு விட்ட பிறகு வாங்கியவர் ‘இனி முடியாது’ என்று சொல்லலாம்? இந்த இரு கேள்விகளுக்கும் படிப்படியாக விடை கிடைத்த கதையே இச்சட்டத்தின் வரலாறு.

பெயர்

‘லெமன்’ என்பது எலுமிச்சை. அமெரிக்கப் பேச்சுவழக்கில், வாங்கிய பிறகு உள்ளே குறை இருப்பது தெரியவரும் பொருளுக்கும் இதே பெயர். நம் ஊரில் எலுமிச்சை, புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கும் மங்கலப் பொருள். ஆகவே ‘எலுமிச்சைச் சட்டம்’ என்று மொழிபெயர்த்தால் கருத்தே தலைகீழாகிவிடும்.

ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1960-இல் தன் காரின் படத்துக்குக் கீழே ‘லெமன்’ என்ற ஒரே சொல்லைப் போட்டு விளம்பரம் செய்தது. டாஷ்போர்டு அறையின் குரோம் பட்டையில் சிறு குறை இருந்ததால் அந்த வண்டி ஆலையிலேயே நிராகரிக்கப்பட்டது என்றது விளம்பரம். பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இச்சொல்லுக்குக் கல்வி உலகில் இடம் தந்தது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையே கெடுகிறது என்று பழைய கார்களை வைத்து அவர் விளக்கினார். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இரண்டு வழக்குகள்

தொடக்க காலத்தில் கார் வாங்கியவரின் ஒப்பந்தம் டீலரோடு மட்டுமே. தயாரித்த கம்பெனி, ‘உங்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தம் இல்லை’ என்று ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. 1916-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் பியூக் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் அந்தச் சுவரை உடைத்தது. கார்ச் சக்கரத்தின் மர ஆரக்கால்கள் நொறுங்கி, ஓட்டியவர் தூக்கி வீசப்பட்டிருந்தார். சக்கரத்தை வேறொரு கம்பெனியிடம் வாங்கிப் பொருத்தியிருந்தாலும் சோதித்துப் பார்க்கும் கடமை பியூக்குக்கு உண்டு என்று நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ எழுதினார்.

அடுத்த திருப்பம் நியூஜெர்சியில் நடந்தது. 1955 மே மாதம் ஒருவர் புதிய பிளிமத் கார் வாங்கினார். வண்டி கைக்கு வந்த பத்தாம் நாள் அவர் மனைவி ஓட்டிச் சென்றார். முன்புறம் அடியிலிருந்து ஏதோ முறிந்ததுபோல் பெருஞ்சத்தம் கேட்டது. ஸ்டியரிங் கையிலேயே சுழன்றது. கார் வலப்புறம் பாய்ந்து செங்கல் சுவரில் மோதியது. அப்போது அது ஓடியிருந்த தூரம் 468 மைல். முன்பகுதி நசுங்கிப்போனதால் எந்தப் பாகம் முறிந்தது என்று காட்டவும் வழியில்லை. வாங்கிய படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த வாரண்டியோ 90 நாள் அல்லது 4,000 மைல் வரை குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவோம் என்பதோடு நின்றது. அமெரிக்கக் கார் கம்பெனிகள் பொதுவாக இதே வாசகத்தைத்தான் அச்சிட்டன. எனவே வேறு கடைக்குப் போய்ப் பேரம் பேசவும் வாங்குபவருக்கு வாய்ப்பில்லை. இத்தகைய நிபந்தனை பொதுநலனுக்கு எதிரானது, செல்லாது என்று 1960-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாய், இனிப் பேசாதே என்ற வாதத்துக்கு அன்று விழுந்த அடி பெரிது.

எண் வந்த ஆண்டு

1970-இல் கலிஃபோர்னியா இயற்றிய சாங்–பெவர்லி சட்டம், நியாயமான எண்ணிக்கையில் முயன்றும் பழுது தீராவிட்டால் பொருளை மாற்ற வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும் என்றது. 1975-இல் கூட்டரசின் மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம் வந்தது. வழக்கில் வென்ற நுகர்வோர் வக்கீல் கட்டணத்தையும் நிறுவனத்திடம் பெற வழி பிறந்தது. ஆனாலும் ‘நியாயமான எண்ணிக்கை’ என்றால் எத்தனை? ‘இன்னும் ஒரு தடவை விட்டுப் பாருங்கள்’ என்று சர்வீஸ் சென்டர் சொல்லிக்கொண்டே இருக்கலாம். வாங்கியவர் மாதத் தவணையைக் கட்டிக்கொண்டு பேருந்தில் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

கனெக்டிகட் சட்டமன்ற உறுப்பினர் ஜான் உட்காக் முன்னெடுத்த 1982-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு எண்ணால் விடை சொன்னது. ஒரே பழுதுக்கு நான்கு முறை ரிப்பேர் பார்த்தும் தீரவில்லை, அல்லது வண்டி மொத்தம் 30 நாள் பட்டறையில் கிடந்தது என்றால், நியாயமான வாய்ப்பு முடிந்ததாகக் கொள்ளப்படும். அதே ஆண்டு கலிஃபோர்னியாவும் டேனர் சட்டத்தின் மூலம் இத்தகைய எண்களைச் சேர்த்தது. உயிருக்கு ஆபத்தான பழுதுக்கு அங்கே இன்று இரண்டு முறையே போதும்.

வாங்கியவர் ஓட்டிய தூரத்துக்குக் கழிவு உண்டு. கலிஃபோர்னியாவில், முதன்முதலில் ரிப்பேருக்கு விடும்வரை ஓடிய மைலை 1,20,000-ஆல் வகுத்து விலையால் பெருக்குவார்கள். 30,000 டாலர் கார் 6,000 மைலில் ரிப்பேருக்குப் போயிருந்தால் கழிவு 1,500 டாலர். நிறுவனம் திரும்ப எடுத்த வண்டியை ரகசியமாக அடுத்தவர் தலையில் கட்ட முடியாது. உரிமைச் சான்றில் அது பதிவாகும், கதவுச் சட்டத்தில் அடையாள ஒட்டியும் இடம்பெறும்.

பிற நாடுகள்

பிரிட்டனில் 1987-இல் பாம்சன் மோட்டார்ஸ் வழக்கு வந்தது. புதிய நிசான் கார் மூன்று வாரத்தில், சுமார் 140 மைல் ஓடியதும் நடுச்சாலையில் நின்றது. இயந்திரத்தைப் பொருத்தியபோது தவறி விழுந்த ஒரு துளிப் பசை எண்ணெய் ஓட்டத்தை அடைத்திருந்தது. வண்டி தரமற்றது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் மூன்று வாரம் கடந்ததால் திருப்பித் தரும் உரிமை போயிற்று என்றது. யார் கண்ணிலும் படாத ஒரு துளிப் பசையை மூன்று வாரத்துக்குள் கண்டுபிடிக்கச் சொல்வது என்ன நியாயம்? 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் தெளிவான கெடு வைத்தது: குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் நிராகரிக்கலாம், அதன்பின் ஒரு முறை ரிப்பேர் செய்தும் சரியாகாவிட்டால் போதும்.

சிங்கப்பூரில் லெமன் சட்டம் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளை ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்பவர். இது பழைய கார்களுக்கும் பொருந்தும்.

இந்தியா

இந்தியாவில் காருக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்துக்குப் பிறகு, சாமானியருக்குக் கிடைத்த கருவி 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. தயாரிப்பாளரின் பொறுப்புக்கு இதில் தனி அத்தியாயம் உண்டு. கார் எங்கே வாங்கியிருந்தாலும், குடியிருக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம்.

சிக்கல் ‘உற்பத்திக் குறைபாடு’ என்பதை நிரூபிப்பதில் இருக்கிறது. 2006-இல் மாருதி வழக்கில், வாரண்டி பாகங்களை மட்டுமே குறிப்பதால் முழுக் காரையும் மாற்றித் தரச் சொன்னது சரியல்ல என்றது உச்ச நீதிமன்றம். 2022-இல் ஹியூண்டாய் வழக்கில் காற்று வீசும் திசை மாறியது. மோதலின்போது ஏர்பேக் விரியவில்லை. நிபுணர் சாட்சியம் இல்லாமலே அந்த நிகழ்வே குறைக்குச் சான்று என ஏற்று, வேறு வண்டி தரும் உத்தரவை அதே நீதிமன்றம் உறுதிசெய்தது.

நான்கு முறை, 30 நாள் என்பது போன்ற எண் இந்தியச் சட்டத்தில் இன்னும் எழுதப்படவில்லை. எழுதப்பட வேண்டும். அதுவரை வாங்கியவர் கையில் உள்ள ஆதாரம் ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் கார்டு. என்ன பழுது, எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர் என்பதைத் தம் சொற்களிலேயே எழுதச் சொல்லி, நகலை வாங்கி வைப்பவர், சட்டம் எண்ணாத எண்ணிக்கையைத் தாமே எண்ணி வைக்கிறார்.