ஆபீஸுக்கு சைக்கிள்: புதுக்கோட்டை 1991-ல் செய்து காட்டியது

வாரத்தில் ஒரு நாள் அரசு ஊழியர்கள் காரையும் பைக்கையும் வீட்டில் விட்டுட்டு, பஸ்ஸிலோ சைக்கிளிலோ ஆபீஸ் வரணும்னு ஒரு செய்தியை நீங்க படிச்சிருப்பீங்க. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022 டிசம்பரில் தன் ஊழியர்களுக்குப் புதன்கிழமையை அப்படி ஒதுக்கியது. நல்ல விஷயம்தான். ஆனா ஒரு அரசு நிர்வாகம் தன் ஆட்கள் வேலைக்குப் போற விதத்தையே மாத்த முடியுமா? ஒரு நாளைக்கு இல்ல, தினமும்?

முடியும். முப்பது வருஷத்துக்கு முன்னாடி புதுக்கோட்டையில் நடந்திருக்கு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல ஊரைப் பார்த்துடுவோம். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், 1974-ல் தனி மாவட்டம். கண்மாய்த் தண்ணியை நம்பின விவசாயம், கல் குவாரிகள், தள்ளித் தள்ளி இருக்கிற சின்னச் சின்ன கிராமங்கள். மெயின் ரோட்டில் பஸ் வரும். அந்த மெயின் ரோட்டுக்கு வரவே சில கிலோமீட்டர் நடக்கணும்.

அந்த ஊரில் அரசாங்கத்தின் வேலையை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோறது யாரு? பெரும்பாலும் பெண்கள். கிராம சுகாதார நர்ஸ், அங்கன்வாடி டீச்சர், சத்துணவு ஊழியர், கிராம சேவிகா. சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. பேப்பரில் அது வெறும் எண். தரையில், அந்த நர்ஸம்மா பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் ஊர் ஊராகப் போகணும். கலெக்டருக்கு ஜீப் உண்டு. நர்ஸம்மாவுக்குக் கால்தான்.

1991-ல் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் சூடு பிடித்தது. முந்தின வருஷம்தான் கேரளாவின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது. அதே உற்சாகம் இங்கேயும். ஆயிரக்கணக்கான தொண்டர்கள், அதில் நிறைய பெண்கள். பகல் வேலை முடிஞ்சு, சாயங்காலம் பக்கத்து ஊருக்குப் போய்ப் பாடம் எடுக்கணும். எப்படிப் போவாங்க? அப்பா, அண்ணன், வீட்டுக்காரர் யாராவது கொண்டுபோய் விட்டாத்தான் உண்டு.

அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இந்த இடத்தில்தான் ஒரு முடிவு எடுத்தார். படிக்க, எழுதக் கத்துக் கொடுக்கிற திட்டத்துக்குள்ளேயே சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுப்பதையும் சேர்த்தார். எழுத்தறிவுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கத் தோணும். வீட்டை விட்டுத் தனியா நகர முடியாத பெண்ணுக்கு எழுத்து மட்டும் தெரிஞ்சு பாதிப் பயன்தான்.

இதை சர்க்குலர் அனுப்பி அவர் நிறுத்திக்கல. பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளைப் பேசிச் சம்மதிக்க வைத்தார். ஒவ்வொரு ஒன்றியமும் இந்த வேலையில் ஒரு பொறுப்பை ஏற்க வைத்தார். ஊர் ஊராகப் பயிற்சி முகாம்கள் நடந்தன. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடா? ஜென்ட்ஸ் சைக்கிளே போதும்னு பெண்கள் ஏறினாங்க. முன்னால் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்னு அதையே விரும்பி வாங்கினவங்களும் உண்டு.

கேலி இல்லாமல் இல்லை. பொம்பளை சைக்கிள் ஓட்டுறதான்னு ரோட்டில் அசிங்கமாப் பேசினாங்க. ஆனா ஒருத்தர் தனியா ஓட்டினா கேலி பண்ணலாம். ஒரு ஊரே ஓட்டினா?

1992 மார்ச் 8, சர்வதேச மகளிர் தினம். 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடிச்சுக்கிட்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் நுழைந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்த மாவட்டத்துக்கு வந்து எழுதினார். 1996-ல் வெளியான அவருடைய புத்தகத்தில் இந்தக் கதை இருக்கு. பத்து வயதுக்குக் கீழே உள்ள சிறுமிகளைக் கழித்துப் பார்த்தால், மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்களில் நாலில் ஒருத்தருக்கு மேல் சைக்கிள் கற்றிருந்தார்கள் என்கிறார். ஒரே வருஷத்தில் லேடீஸ் சைக்கிள் விற்பனை 350 சதவீதம் ஏறியதாக ஒரு டீலர் சொன்னதையும் பதிவு செய்திருக்கிறார். யுனிசெஃப் அறிவொளிப் பெண்களுக்கு 50 மொபெட் கொடுத்தது. இன்னொரு வேடிக்கை: இந்தக் கட்டுரை இந்தியில் என்.சி.இ.ஆர்.டி. எட்டாம் வகுப்புப் பாடமாகப் பல வருஷம் இருந்தது. வடநாட்டுப் பசங்களுக்குத் தெரிஞ்ச புதுக்கோட்டைக் கதை நம்மில் பல பேருக்குத் தெரியாது.

யார் யார் ஓட்டினாங்க என்பதைக் கவனிங்க. விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளிகள், அவங்களோடு சுகாதார நர்ஸ், பால்வாடி, அங்கன்வாடி, சத்துணவு ஊழியர்கள், பள்ளி ஆசிரியைகள். இன்றைய மொழியில் சொன்னா, அரசின் கடைநிலைப் பணியாளர்கள் புகையில்லாத வாகனத்தில் வேலைக்குப் போனாங்க. அதை யாரும் அப்போ அப்படிச் சொல்லல. கார்பன்னு ஒரு வார்த்தைகூட அங்கே ஒலிக்கல. பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், வீட்டுக்குச் சீக்கிரம் திரும்பலாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். அவ்வளவுதான் காரணம்.

எனக்கு இதில் பிடிச்சது இதுதான். நிர்வாகம் பெண்களிடம் தியாகம் கேட்கல. வேலை செய்யத் தேவையான கருவியைக் கையில் கொடுத்தது: ஓட்டத் தெரியாதவங்களுக்குப் பயிற்சி, காசு இல்லாதவங்களுக்குக் கடன், தனியாப் போகப் பயந்தவங்களுக்குக் கூட்டம். எங்க பாஷையில் சொன்னா, சரியானதைச் செய்றதையே சுலபமான வழியா ஆக்கிட்டாங்க.

இதோடு இன்றைய கணக்கை வைத்துப் பாருங்க. ஏழாவது ஊதியக் குழு மத்திய அரசின் சைக்கிள் படியையே எடுத்துவிடப் பரிந்துரைத்தது. 2017-ல் அரசு அதைத் தபால் துறைக்கும் ரயில்வே டிராக்மேன்களுக்கும் மட்டும் தக்கவைத்து, மாதம் 90 ரூபாயை 180 ஆக்கியது. அதே காலத்தில் பெரிய நகரத்தில் இருக்கும் ஒரு அதிகாரியின் போக்குவரத்துப் படி மாதம் 7,200 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. இரண்டும் வேறு வேறு காரணத்துக்கான படி, ஒத்துக்கிறேன். ஆனா எந்த வண்டிக்கு எவ்வளவு மதிப்புன்னு அந்த ரெண்டு எண்ணும் சத்தமில்லாம சொல்லிடுது. நெதர்லாந்தில் 2024-ல் வேலைக்கு வந்துபோகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 23 யூரோ சென்ட் வரை நிறுவனம் வரியில்லாமல் கொடுக்க முடிந்தது. காரில் வந்தாலும் சைக்கிளில் வந்தாலும் ஒரே ரேட்.

புதுக்கோட்டையிலும் எல்லாம் அப்படியே நீடிக்கல. கலெக்டர்கள் மாறினாங்க, கையில் காசு வந்தவங்க மொபெட்டுக்கு மாறினாங்க. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. வெயிலில் பத்து கிலோமீட்டர் மிதிச்சவங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனா தனியா வண்டி எடுத்துட்டு வெளியே போகலாம் என்ற துணிச்சல் சைக்கிளில் இருந்துதான் வந்தது. 2001-ல் மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் என்று மாநில அரசே தொடங்கியபோது, தமிழ்நாட்டுக்கு அது விசித்திரமான யோசனையாத் தெரியல.

அதனால் அடுத்த முறை உங்க ஆபீஸில், அரசோ தனியாரோ, 'இன்று சைக்கிள் தினம்'னு மெயில் வந்தா, மூணு கேள்வி கேளுங்க. நிறுத்த இடம் இருக்கா? வேர்வையோட வந்தா முகம், கை கால் கழுவி உடை மாத்த வசதி இருக்கா? கார்க்காரருக்குக் கிடைக்கிற படி சைக்கிள்காரருக்கும் உண்டா? மூணுக்கும் பதில் இல்லைன்னா அன்னைக்கு நடக்கிறது போட்டோ எடுக்கிற விழா மட்டும்தான்.