எதிர்க்கட்சியில் இருந்து ஓர் அமைச்சர்: மட்டக்களப்பு வழியாக ஒரு வரலாறு

2018 ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரணில் விக்கிரமசிங்கவை விலக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். அடுத்த நாளில் இருந்து நாடு முழுக்க ஒரே எண்தான் கதை: 113. 225 பேர் இருக்கிற சபையில் 113 கை யாருக்கு உயரும்? யார் அங்கே போறார், யார் திரும்பி வாறார் என்று தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தோம். ஒரு வாரம் கழித்து, நவம்பர் 2ஆம் திகதி, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் மட்டக்களப்பு உறுப்பினர் ச. வியாழேந்திரன் ஜனாதிபதி முன்னால் கிழக்கு அபிவிருத்திப் பிரதியமைச்சராகச் சத்தியப்பிரமாணம் எடுத்தார்.

எங்கட வயசு ஆக்களுக்கு அது புதுச் செய்தி. மட்டக்களப்பில் வயதானவர்கள் பலருக்கு அது பழைய செய்தி. அவர்களுக்கு உடனே ஞாபகம் வந்த பெயர் செல்லையா இராசதுரை. கட்சி, மாவட்டம், அமைச்சின் பெயரில் இருக்கிற ‘அபிவிருத்தி’ என்ற சொல் எல்லாமே கிட்டத்தட்ட ஒன்றுதான். நடுவில் ஓடியது 39 வருசம்.

ஜனாதிபதி ஒருவர் எதிர்க்கட்சிக்காரரைத் தன் அமைச்சரவைக்குள் எடுப்பது இலங்கையில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. அமெரிக்காவில் 1940 ஜூனில், ஐரோப்பா யுத்தத்தில் எரிந்துகொண்டிருந்தபோது, ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இரண்டு பெரிய குடியரசுக் கட்சிக்காரரை உள்ளே எடுத்தார். ஹென்றி ஸ்டிம்சன் யுத்தச் செயலாளர். ஃபிராங்க் நொக்ஸ் கடற்படைச் செயலாளர். ஸ்டிம்சன் முன்னைய குடியரசுக் கட்சி ஜனாதிபதிகளின் அமைச்சரவைகளில் இருந்தவர். நொக்ஸ் 1936 தேர்தலில் ரூஸ்வெல்ட்டுக்கு எதிரான அணியில் உப ஜனாதிபதி வேட்பாளராக நின்றவர். குடியரசுக் கட்சியின் மாநாடு தொடங்க நாலைந்து நாள் இருக்கும்போது இந்த அறிவிப்பு வந்தது. கட்சிக்குள்ளே சரியான ஆத்திரம். ரூஸ்வெல்ட் ஒன்றும் அரசியல் தெரியாத பிள்ளை இல்லை.

ஆனாலும் ஒரு விசயத்தைக் கவனிக்க வேணும். அந்த நியமனத்தால் அமெரிக்கக் காங்கிரசில் ஒரு கதிரையும் இடம் மாறவில்லை. அங்கே காங்கிரஸ் உறுப்பினராக இருந்துகொண்டு அமைச்சரவைச் செயலாளராக இருக்க அவர்களின் அரசியலமைப்பு விடாது. ஸ்டிம்சனும் நொக்சும் அந்த நேரம் மக்களால் தெரிவான எந்தப் பதவியிலும் இல்லை. அவர்கள் கொண்டுபோனது தங்கள் பெயரையும் அனுபவத்தையும் மட்டும்தான்.

எங்கட அரசியலமைப்பு மறுபக்கம். இங்கே அமைச்சராக வேணுமென்றால் பாராளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும். ஆகவே ஜனாதிபதி எதிர்க்கட்சியில் இருந்து ஒருவரைக் கூப்பிட்டால், அவர் தன் கதிரையையும் தூக்கிக்கொண்டுதான் போவார். அங்கே ஒன்று குறையும், இங்கே ஒன்று கூடும். அந்தக் கதிரைக்குப் பின்னால் இருக்கிற ஆயிரக்கணக்கான வாக்கு யாருக்கு எதிராகப் போடப்பட்டதோ, அவருக்கே போய்ச் சேரும். ‘தேசிய ஒற்றுமை’ என்ற பெயரில் நடக்கிற ஒவ்வொரு நியமனத்துக்குள்ளும் இந்தக் கணக்கு இருக்கு.

1979இல் மட்டும் அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. அதனால்தான் இராசதுரையின் கதை எங்களுக்கு மற்ற எல்லாத் தாவல்களையும் விட முக்கியமாகப் படுகிறது. 1977 தேர்தலில் ஜே.ஆர். ஜயவர்தனவின் ஐ.தே.க. 168 ஆசனங்களில் 140ஐ எடுத்திருந்தது. பிரதான எதிர்க்கட்சி 18 ஆசனம் எடுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி. எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கம். 140 பேரை வைத்திருந்த மனுசனுக்கு இன்னொரு கை எதற்கு?

கூட்டணி அந்தத் தேர்தலைத் தனிநாட்டுக்கான மக்கள் ஆணை என்று சொல்லிக் கேட்டது. 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் பேசியது வடக்கும் கிழக்கும் சேர்ந்த தாயகத்தைப் பற்றி. அந்தக் கதையில் கிழக்கின் முகம் இராசதுரை. 1956இல் இருந்து மட்டக்களப்பின் தமிழரசு உறுப்பினர், சொல்லின் செல்வர் என்று பேர் எடுத்தவர், மட்டக்களப்பின் முதல் மாநகர முதல்வர். அவரை எடுத்துவிட்டால் சபையில் குறைவது ஒரு கதிரைதான். ஆனால் வடக்கு–கிழக்கு ஆணை என்ற வார்த்தையில் ‘கிழக்கு’ ஆட்டம் காணும். ஜே.ஆர். வாங்கியது வாக்கை அல்ல, அந்த ஆட்டத்தை என்பதுதான் எங்கள் வாசிப்பு.

அவரை எடுக்கிறதற்குக் கதவும் ஏற்கெனவே பாதி திறந்துதான் இருந்தது. 1977இல் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி. இராசதுரை கூட்டணியின் உதயசூரியனில் நின்றார். அதே தொகுதியில் கவிஞர் காசி ஆனந்தன் தமிழரசின் வீட்டுச் சின்னத்தில் இறக்கப்பட்டார். இருபது வருசம் தொகுதியைக் காத்த ஒருவருக்குப் பக்கத்தில் சொந்த முகாமில் இருந்தே இன்னொருவர். இராசதுரை வென்றார், காசி ஆனந்தன் தோற்றார், காயம் மாறவில்லை. செல்வநாயகமும் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே போய்ச் சேர்ந்திருந்தார். தலைமை யாழ்ப்பாணத்தோடு நின்றுவிடும், மட்டக்களப்பான் மேடையில் பேச மட்டும்தான் என்கிற மனக்குறை இராசதுரையோடு தொடங்கியதும் இல்லை, அவரோடு முடிந்ததும் இல்லை. அதைத் ‘துரோகம்’ என்ற ஒரு சொல்லால் மூடிவிட்டுப் போவது சுகமான வேலை. வரலாற்றைப் படிக்கிற வேலை அதில்லை.

1979 பெப்ரவரி 26ஆம் திகதி, அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் வந்தது. அது முதலாவது பாராளுமன்ற உறுப்பினர்களின் பதவி விலகலும் கட்சியில் இருந்து நீக்கப்படுதலும் பற்றியது. மார்ச்சில் இராசதுரை ஆளுங்கட்சிப் பக்கம் போனார். பிரதேச அபிவிருத்தி அமைச்சரானார். ஒரு ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டம் என்றுதான் அந்தத் திருத்தம் இன்றும் பேசப்படுகிறது.

அவர் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. கல்லடியில் இருக்கிற விபுலானந்தர் இசை நடனக் கல்லூரி, இப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிறுவகமாக நிற்பது, அவருடைய அமைச்சுக் காலத்தில் தொடங்கியது. எங்களில் சிலருக்கு அங்கே படித்த அக்காமார் இருக்கினம். ஆனால் 1983 ஜூலை வந்தபோது ஜே.ஆரின் அமைச்சரவையில் மூன்று தமிழர்கள் இருந்தார்கள்: இராசதுரை, தொண்டமான், ஐ.தே.க.விலேயே நின்று வென்ற கல்குடா தேவநாயகம். அவர்களில் இருவர் மட்டக்களப்பு மாவட்டம். கொழும்பில் கடைகள் எரிந்தன, வெலிக்கடைச் சிறைக்குள்ளே 53 பேர் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது; அதன் சத்தியப்பிரமாணத்தை எடுக்க மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் பாராளுமன்றத்தை இழந்தார்கள். மூன்று அமைச்சர்களும் அமைச்சர்களாகவே இருந்தார்கள்.

தொண்டமானை இராசதுரையோடு ஒரே தட்டில் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அவரும் கூட்டணியின் தலைவர்களில் ஒருவராக இருந்தவர். தனிநாட்டுக் கோரிக்கையில் ஆரம்பத்திலேயே ஒட்டாதவர். 1978இல் அமைச்சரவைக்குப் போனார். வித்தியாசம் எங்கே என்றால், அவர் தனியாகப் போகவில்லை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற சங்கத்தோடு போனார். அமைச்சராக இருந்துகொண்டே தோட்டங்களில் வேலை நிறுத்தம் செய்யக்கூடிய ஒரு ஆள் அமைச்சரவையில் இருந்தால், அவர் சொல்லுறதை ஜனாதிபதி கேட்டுத்தான் ஆக வேணும். 1986, 1988 பிரஜாவுரிமைச் சட்டங்கள் வந்ததற்குப் பின்னால் அந்தப் பலமும் இருக்கு. இராசதுரைக்குப் பின்னால் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. கட்சி அங்கேயே நின்றுவிட்டது, அவர் மட்டும் வந்திருந்தார்.

ஜனாதிபதி முறைக்கு முன்னர் தமிழரசுக் கட்சியே இதைச் செய்து பார்த்திருக்கு. 1965 மார்ச்சில் டட்லி–செல்வா ஒப்பந்தம் எழுத்தில் கையெழுத்தானது. மு. திருச்செல்வத்தை செனற் சபை வழியாக உள்ளூராட்சி அமைச்சராகக் கட்சியே அனுப்பியது. மாவட்ட சபை வராது என்று தெரிந்த பிறகு, 1968இல், அவர் பதவியை விட்டு வெளியே வந்தார். தோல்விதான். ஆனால் எதற்காகப் போனார், ஏன் திரும்பினார் என்பதை வாக்காளருக்குச் சொல்லக்கூடிய தோல்வி. ஒப்பந்தம் எழுத்தில் இருந்தது, மீறியது யாரென்று தெரிந்தது.

1979க்குப் பிறகு வந்த ஜனாதிபதிகள் அந்த வழியைக் கைவிட்டு, ஜே.ஆரின் வழியையே அகலமாக்கினார்கள். சட்டத்தில் அதற்கு ஒரு தடை இருந்தது. 99(13)ஆம் உறுப்புரையின்படி, கட்சி உறுப்புரிமையை இழந்தால் ஒரு மாதத்தில் கதிரை போகும். ஆனால் பிரச்சினை அதன் சொற்களிலேயே இருக்கு. பக்கம் மாறி உட்கார்ந்தால் கதிரை போகும் என்று அது சொல்லவில்லை. உறுப்புரிமை போனால்தான் கதிரை போகும். தாவினவர் “நான் இன்னமும் கட்சிக்காரன்தான்” என்று சிரித்துக்கொண்டு சொல்லுவார். கட்சிதான் விசாரணை வைத்து நீக்க வேணும். நீக்கினால் அவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போவார்.

1991இல் பிரேமதாசவுக்கு எதிராகக் கிளம்பிய காமினி திசாநாயக்க, லலித் அத்துலத்முதலி ஆக்களை ஐ.தே.க. நீக்கியது, நீதிமன்றம் அதை ஏற்றது, கதிரை போனது. ஆனால் சந்திரிகாவை ஆதரித்த சரத் அமுனுகம ஆக்களை நீக்கியபோது, விளக்கம் கேட்காமல் நீக்கினீர்கள் என்று 2000இல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அந்த வழக்கில் கட்சியின் பக்கம் எதிர்மனுதாரராகப் பெயர் வருபவர் கரு ஜயசூரிய. ஏழு வருசம் கழித்து, 2007 ஜனவரியில், அதே கரு ஜயசூரிய இன்னும் 17 ஐ.தே.க. உறுப்பினரைக் கூட்டிக்கொண்டு மகிந்தவின் அமைச்சரவைக்குள் போனார். (அடுத்த வருசக் கடைசியில் திரும்பியும் வந்தார், பிறகு சபாநாயகரானார்.) அமைச்சரவை 50ஐத் தாண்டியது. பிரதியமைச்சர் எல்லாம் சேர்த்தால் 100க்கு மேலே. 225 பேர் சபையில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்குப் பதவி.

அந்தப் பாதையின் பலனை 2010 செப்டெம்பரில் பார்த்தோம். ஏப்ரல் தேர்தலில் மகிந்தவின் முன்னணிக்குக் கிடைத்தது 144. மூன்றில் இரண்டுக்கு 150 வேணும். ஜனாதிபதி இரண்டு தடவைக்கு மேல் போட்டியிடலாம் என்ற 18ஆவது திருத்தத்துக்குக் கிடைத்ததோ 161. எதிரணியில் வாக்குக் கேட்டு வென்றவர்களின் கைகளும் அதில் இருந்தன. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் தெரிவான அம்பாறையின் பியசேனவின் கையும் ஒன்று. மக்கள் கொடுக்காத மூன்றில் இரண்டைத் தேர்தலுக்குப் பிறகு சேர்த்து எடுத்தார்கள்.

2015இல் வந்த 19ஆவது திருத்தம் இதை அடக்கப் பார்த்தது. அமைச்சரவை 30ஐத் தாண்டக்கூடாது என்றது. ஆனால் ‘தேசிய அரசாங்கம்’ அமைத்தால் தாண்டலாம் என்று பக்கத்திலேயே ஒரு யன்னலையும் வைத்தது. கூடின ஆசனம் எடுத்த கட்சி, பாராளுமன்றத்தில் உள்ள வேறு கட்சிகளோடு சேர்ந்தால் அது தேசிய அரசாங்கம். அந்த வருசம் செப்டெம்பரிலேயே அமைச்சரவை 48 ஆனது. 2019 பெப்ரவரியில் ஐ.தே.க. அதே யன்னலை மறுபடியும் திறக்கப் பார்த்ததுதான் பெரிய பகிடி. அப்போது அவர்களுக்குக் கிடைத்த ‘வேறு கட்சி’ முஸ்லிம் காங்கிரஸ். அந்தக் கட்சியின் சொந்த மரச் சின்னத்தில் வென்றிருந்தவர் ஒரே ஒருவர், அலி சாஹிர் மௌலானா. அவரும் மட்டக்களப்பு மாவட்டம்தான். ஒரு மனிசனை வைத்துத் தேசிய அரசாங்கம் கட்டுகிற அந்தத் திட்டம் கடைசியில் சரிவரவில்லை.

வியாழேந்திரனுக்குத் திரும்பி வருவோம். 2018 டிசம்பர் 13ஆம் திகதி, ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்த்தது. அந்த அமைச்சரவையும் கரைந்துபோனது. 2020 தேர்தலில் அவர் ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுனவில் நின்று மட்டக்களப்பில் வென்றார், இராஜாங்க அமைச்சரானார். இதை மறைத்துவிட்டு எழுதினால் எங்கட கட்டுரை நேர்மையாக இருக்காது. அதே 2020இல் பிள்ளையானும் வென்றார். வேலை, வீதி, காணி என்று கேட்டுக் களைத்துப்போன ஒரு பகுதி வாக்காளர் தெரிந்தேதான் வாக்குப் போட்டார்கள். 2018இல் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, 2020இல் கேட்டார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். ஆளுங்கட்சிச் சின்னத்தில் நின்று வென்று அமைச்சராவதோடு எங்களுக்கு அரசியல் சண்டை இருக்கலாம். ஆனால் அது களவு இல்லை.

மூன்றாவது ஆளும் மட்டக்களப்பே. முஸ்லிம் காங்கிரசின் நசீர் அஹமட், கிழக்கின் முன்னாள் முதலமைச்சர். 2022 ஏப்ரலில், காலிமுகத்திடலில் சனம் “கோட்டா வீட்டுக்குப் போ” என்று கத்திக்கொண்டிருந்த நேரம், கோட்டாபயவின் அமைச்சரவையில் சுற்றாடல் அமைச்சரானார். கட்சி நீக்கியது. அவர் நீதிமன்றம் போனார். தீர்ப்பு வர 2023 ஒக்டோபர் ஆகிவிட்டது: நீக்கியது சரி, கதிரை இல்லை. ஐக்கிய மக்கள் சக்தியில் இருந்து 2022 மே மாதம் அமைச்சரவைக்குப் போன ஹரின் பெர்னாண்டோ, மனுஷ நாணயக்காரவுக்கும் 2024 ஓகஸ்ட்டில் அதே தீர்ப்பு. இரண்டு வருசத்துக்கு மேலே அமைச்சராக இருந்த பிறகு, தேர்தலுக்குச் சில கிழமை முன்னால், “நீங்கள் இங்கே இருக்கக் கூடாது” என்று சொன்னால் என்ன? அதற்குள் எத்தனை வாக்கெடுப்பு முடிந்துபோயிருக்கும்?

நசீர் அஹமட்டின் கதிரைக்குப் பட்டியலில் அடுத்ததாக வந்தவர் அலி சாஹிர் மௌலானா. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனத்தை எடுத்தது. இப்போதைய ஜனாதிபதிக்கு யாரையும் கூப்பிடவேண்டிய தேவை இல்லை. மட்டக்களப்பின் ஐந்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஒன்று. அவர் அந்தக் கட்சியின் சின்னத்திலேயே நின்று வந்தவர். 99(13) இன்னமும் அதே சொற்களோடுதான் இருக்கு.