தாயில்லாத பூனைக்குட்டிக்கு பசும்பால் கொடுக்கலாமா? மலைக்குளிரில் குட்டியைக் காப்பாற்றுவது எப்படி?

விறகு அடுக்கைக் கலைக்கும்போதோ, பரணில் இருந்து மூட்டையை இறக்கும்போதோ கண் திறக்காத பூனைக்குட்டி ஒன்று கிடைக்கிறது. தாய்ப் பூனையைக் காணோம். குட்டி விடாமல் கத்துகிறது. “பாவம், கொஞ்சம் பால் ஊத்துங்க” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். மறுநாள் வயிற்றுப்போக்கு, அதற்கடுத்த நாள் குட்டி அசைவதில்லை. பல வீடுகளில் இது இப்படித்தான் முடிகிறது.

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள தேவனூர் நாடு போன்ற மலைக் கிராமங்களில் இன்னும் இரண்டு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. ஒன்று குளிர். கொல்லிமலை கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகள் எப்படி இருக்கும் என்று அங்கிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று கடை. பூனைக்குட்டிக்கான பால் பவுடர் வேண்டும் என்றால் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி காரவள்ளிக்கு இறங்கி, அங்கிருந்து நாமக்கல்லோ சேலமோ போக வேண்டும். அதுவரை குட்டி தாங்கணுமே?

நிஜமாகவே தாய் இல்லையா?

இதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தாய்ப் பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வித்தான் இடம் மாற்றும். நீங்கள் பார்த்த குட்டி, அடுத்த நடைக்காகக் காத்திருக்கும் கடைசிக் குட்டியாக இருக்கலாம். எலி பிடிக்கப் போன தாய் திரும்பி வர சில மணி நேரம் ஆகும். மழையோ கடும் குளிரோ நாய்த் தொல்லையோ இல்லையென்றால், குட்டியைத் தொடாமல் தள்ளி நின்று இரண்டு, மூன்று மணி நேரம் கவனியுங்கள். பக்கத்திலேயே ஆள் நின்றால் தாய் வராது. வயிறு நிறைந்து தூங்கும் குட்டிக்கு நம் உதவி தேவையில்லை. வயிறு ஒட்டி, உடல் சில்லிட்டு, கத்திக்கொண்டே இருக்கும் குட்டிக்குத்தான் தேவை.

ஊரில் வேறு ஏதாவது பூனை குட்டி போட்டிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பால் கொடுக்கும் பூனைகளில் பல, கிட்டத்தட்ட அதே வயதுள்ள வேறு குட்டியையும் சேர்த்துக்கொள்ளும். அது நடந்துவிட்டால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

காட்டை ஒட்டிய தோட்டத்தில் கிடைத்த குட்டி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: அது வீட்டுப் பூனைதானா? காட்டுப்பூனைக் குட்டியும் சின்ன வயதில் சாம்பல், பழுப்பு நிறத்தில் கோடுகளோடு நாட்டுப் பூனைக்குட்டி மாதிரியே இருக்கும். இவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. எடுத்து வளர்க்கக் கூடாது. சந்தேகம் வந்தால் குட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பாலுக்கு முன்னால் சூடு

இங்கேதான் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுத்தால் அது செரிக்காது. உடல் வெப்பம் சுமார் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் குடலின் அசைவு கிட்டத்தட்ட நின்றுவிடும், உள்ளே போன பால் அப்படியே தங்கிக் கெட்டுப்போகும். பிறந்த முதல் வாரத்தில் பூனைக்குட்டிக்கு நடுங்கி உடலைச் சூடாக்கிக்கொள்ளவும் தெரியாது. அதனால் ‘நடுங்கலையே, நல்லாத்தான் இருக்கு’ என்று நினைத்துவிட வேண்டாம். குட்டியின் வாய்க்குள் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் முதல் வேலை சூடேற்றுவதுதான்.

ஒரு அட்டைப்பெட்டியில் பழைய துணியைப் போடுங்கள். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, இறுக்கி மூடி, துணியில் இரண்டு சுற்று சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள். பெட்டி முழுக்கச் சூடு வேண்டாம். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். முதல் வாரம் பெட்டிக்குள் 30 முதல் 32 டிகிரி இருப்பது நல்லது, அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். வெந்நீர் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆறிவிடும், ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டையே உறிஞ்சும். அதனால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விறகடுப்புப் பக்கத்தில் வைக்கலாமே என்று தோன்றும், ஆனால் அந்தப் புகை குட்டியின் நுரையீரலுக்கு ஆகாது. அவசரம் என்றால் சட்டைக்குள் மார்போடு அணைத்து வைத்துக்கொள்வதே போதும்.

வேகமாகச் சூடேற்றக் கூடாது. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகட்டும். மிகவும் தளர்ந்த குட்டி என்றால் இந்த நேரத்தில் சர்க்கரை கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரை விரலில் தொட்டு ஈறில் தடவலாம்.

பசும்பால் ஏன் கூடாது? ஆட்டுப்பால்?

பசும்பாலில் புரதம் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பூனையின் பாலில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆக, பசும்பாலில் வயிறு நிறையும், உடம்பு தேறாது. தேவையான சத்துக்காக அதிகமாகக் கொடுத்தால் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் பேதி ஆகும். 100 கிராம் எடையுள்ள உயிருக்கு ஒரு நாள் பேதி என்பது சின்ன விஷயம் இல்லை. தண்ணீர் கலந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள், அப்போது இருக்கும் கொஞ்சநஞ்ச சத்தும் குறைந்துவிடும்.

மலையில் ஆடு வளர்ப்பவர்கள் அதிகம் என்பதால் ஆட்டுப்பால் கைக்குக் கிடைக்கும். சிலருக்கு அது கைகொடுத்தும் இருக்கலாம். ஆனால் புரதமும் லாக்டோஸும் பசும்பாலுக்குப் பக்கத்தில்தான். பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் போதாது. டாரின் தொடர்ந்து குறைந்தால் பூனைக்குக் கண் பார்வையும் இதயமும் பாதிக்கப்படும்.

சரியானது ‘கிட்டன் மில்க் ரிப்ளேசர்’ என்று பெட் ஷாப்பில் கேட்டால் கிடைக்கும் பவுடர். மலையில் இருந்து யாராவது கீழே போகிறார்கள் என்றால் அன்றைக்கே சொல்லி அனுப்பிவிடுங்கள். அது வந்து சேரும் வரை சமாளிக்க ஒரு வீட்டுக் கலவை இருக்கிறது: 240 மி.லி. கெட்டியான பால், 2 கோழிமுட்டையின் மஞ்சள் கரு, 1 டீஸ்பூன் சமையல் எண்ணெய். நன்றாக அடித்து வடிகட்டி வெதுவெதுப்பாகக் கொடுக்க வேண்டும். முட்டை புதிதாக இருக்கட்டும் (நாமக்கல் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை). வெள்ளைக் கருவைச் சேர்க்காதீர்கள். இதிலும் பால் இருக்கிறதே என்று கேட்கலாம். மஞ்சள் கரு புரதத்தையும் கொழுப்பையும் கூட்டுவதால் வெறும் பாலைவிட மேல், அவ்வளவுதான். ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் தாண்டக் கூடாது.

ஊட்டும்போது கவனம்: சங்கு வேண்டாம்

கைக்குழந்தைக்குப் பால் ஊட்டுகிற சங்கையோ பாலாடையையோ எடுக்காதீர்கள். பூனைக்குட்டி உறிஞ்சித்தான் குடிக்கும். சங்கில் சரித்து ஊற்றினால் பால் மூச்சுக்குழலுக்குள் போய், நிமோனியா வந்து குட்டி இறந்துவிடும். பசியில் சாகும் குட்டிகளோடு, இப்படிப் பால் புரையேறிச் சாகும் குட்டிகளும் உண்டு.

அதேபோல் குழந்தை மாதிரி மல்லாக்கப் படுக்கவைத்தும் ஊட்டக் கூடாது. தாயிடம் குடிப்பது போலவே வயிறு கீழே இருக்க, தலை லேசாகத் தூக்கி இருக்க வேண்டும். சின்ன நிப்பிள் பாட்டில் நல்லது. இல்லையென்றால் மருந்துக்கடையில் வாங்கிய 1 அல்லது 2 மி.லி. சிரிஞ்ச், ஊசியைக் கழற்றிவிட்டு. சொட்டுச் சொட்டாக, குட்டி விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே கொடுங்கள். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைச் சற்றுத் தாழ்த்தித் துடைத்துவிடுங்கள். பால் கையின் உட்பக்கத்தில் விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக, 37, 38 டிகிரி அளவில் இருக்கட்டும்.

எவ்வளவு? 100 கிராம் எடைக்கு ஒரு தடவைக்கு சுமார் 4 மி.லி. அதற்கு மேல் வயிறு கொள்ளாது. முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும்தான். இரண்டாம் வாரம் மூன்று நான்கு மணி நேரம், மூன்றாம் வாரம் நான்கு ஐந்து மணி நேரம் என்று இடைவெளியைக் கூட்டலாம். வீட்டில் இரண்டு பேர் முறை வைத்துக்கொள்ளாமல் முதல் வாரத்தைத் தாண்டுவது கஷ்டம்.

வயது தெரியவில்லையா? கண் மூடியிருந்தால் பெரும்பாலும் பத்து நாளுக்குள். ஏழு முதல் 14 நாளில் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் காது நிமிர்ந்து முன்பற்கள் முளைக்கும். பிறந்த குட்டி சுமார் 100 கிராம், அதாவது இரண்டு கோழிமுட்டை எடை. தினமும் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். மளிகைக் கடையின் டிஜிட்டல் தராசில்கூட நிறுத்துப் பார்க்கலாம். ஒரு நாள் முழுக்க எடை ஏறவில்லை என்றால் ஏதோ சரியில்லை.

ஒன்றை மறந்துவிடுவார்கள். மூன்று வாரம் வரை குட்டியால் தானாக சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய் நக்கிவிடுவதால்தான் அது நடக்கிறது. நீங்கள் ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை மெதுவாகத் தடவிவிட வேண்டும்.

பால் மறக்கடிப்பது எப்போது?

நான்காவது வாரம் வாக்கில் குட்டி நிப்பிளைக் கடித்து மெல்ல ஆரம்பிக்கும். அதுதான் நேரம். பால் பவுடர் கரைசலில் குட்டிகளுக்கான பூனை உணவை ஊறவைத்துக் கூழாக மசித்து, தட்டையான தட்டில் வையுங்கள். முதலில் விரலில் தொட்டு நாக்கில் வைக்கவும். தலையைப் பிடித்துத் தட்டில் அமுக்கக் கூடாது, மூக்கில் ஏறிவிடும். முதல் சில நாள் தட்டுக்குள்ளேயே நடந்து, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்து உடனே காயவையுங்கள், மலைக்குளிரில் ஈரத்தோடு விடக் கூடாது. பாட்டிலை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். கூழைக் கெட்டியாக்கிக்கொண்டே, பால் வேளைகளைக் குறைத்துக்கொண்டே வந்தால் எட்டு வாரத்துக்குள் முழுக்கத் திட உணவுக்கு மாறிவிடும். நான்கு வாரத்தில் இருந்தே தண்ணீர்க் கிண்ணமும் பக்கத்தில் இருக்கட்டும்.

நம் வீடுகளில் பூனைக்கென்று வைப்பது பால் சோறுதானே? அரிசியோ சாமையோ, எதுவானாலும் பூனைக்கு அது சாப்பாடாகாது. அது முழுக்க முழுக்க மாமிசம் தின்னும் பிராணி. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்து எலும்பு நீக்கிய கோழிக்கறி, வெந்த முட்டை, முள் எடுத்த மீன் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை அழிக்கும். கருவாட்டில் உப்பு அதிகம், வேண்டாம். வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து கிடையாது என்பதால், வளரும் குட்டிக்குக் கொஞ்சமாவது கடைப் பூனை உணவைச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு.

மருத்துவரிடம் எப்போது போகணும்?

பேதி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், பால் குடிக்க மறுத்தால், மூச்சில் இரைச்சல் கேட்டால் காத்திருக்காதீர்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தி சேவையும் உண்டு. அது முக்கியமாக ஆடு, மாடுகளுக்கானது என்றாலும், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

நீங்களாக மருந்து கொடுக்காதீர்கள். காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். நாய்க்குத் தெள்ளுப்பூச்சி, உண்ணிக்காகப் போடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் அப்படியே. தெள்ளுப்பூச்சியை நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி எடுங்கள். குடற்புழு மருந்தை எந்த வயதில், எவ்வளவு என்று மருத்துவரே சொல்லட்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி.

குட்டி கடித்தாலோ கீறினாலோ, தாய் யார், எங்கே இருந்து வந்தது என்று தெரியாத நிலையில் அலட்சியம் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அருகில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் குட்டியின் கழிவைச் சுத்தம் செய்யும் வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.