ஓசூர் எல்லைப் பகுதியில் இளையோர் கலைப்பயிற்சியும் அதனை நடத்துவோரின் பணிநிலையும்

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓசூரையும், 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கிருஷ்ணகிரியையும் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் அங்குள்ள தொழிற்சாலைகளைப் பற்றியே எழுதுகின்றனர். ஆண்டுதோறும் அத்தொழிற்சாலைகளுக்குள் நுழையும் இளம் பிராயத்தினர், நுழையுமுன் எந்தக் கலையை, எவரிடம், எவ்வளவு காலம் பயின்றனர் என்ற வினாவைத் தொழில் வரலாற்றாசிரியரும் எழுப்புவதில்லை. பண்பாட்டு ஆய்வாளரும் எழுப்புவதில்லை. இளையோர்க்கான கலைப் பயிற்சிகள் இவ்வட்டாரத்தில் வேரூன்றாமைக்குப் பிள்ளைகளின் சிரத்தைக் குறைவையும் பெற்றோரின் உத்தியோக நாட்டத்தையும் காரணமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் அப்பயிற்சிகளை நடத்தும் ஆசிரியரும் திட்ட அலுவலரும் எத்தகைய நியமனத்தின்கீழ், எத்தனை மணி நேரத்துக்கு, எந்த ஊதியத்தில் அமர்த்தப்பட்டிருக்கின்றனர் என்பதை நுணுகி நோக்குவோமாயின், குறை பெரும்பாலும் அந்த நியமன முறையிலேயே இருப்பது புலனாகும் என்பது என் துணிபு.

முதலில் தொழிற்பயிற்சியின் பக்கத்தைப் பார்ப்போம். 1971-இல் தோன்றிய சிப்காட் என்னும் அரசுத் தொழில் மேம்பாட்டு நிறுவனம் அப்பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டையை அமைத்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டின் லாரிகளும் டி.வி.எஸ். மொபெட்டுகளும் இங்கிருந்து வெளிவரலாயின. 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும் கூட்டாக நிறுவிய டைட்டன், கிராமப்புறப் பள்ளிகளில் படித்து முடித்த இளைஞர்களையும் இளம்பெண்களையும் தேர்ந்து கைக்கடிகாரம் பூட்டும் நுண்பணிக்குப் பழக்கியது. அண்மைக் காலத்தில் கைப்பேசி உறுப்புகளைச் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸும், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஓலாவும் இளம்பெண்களைப் பெருவாரியாக வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கின்றன. இவ்வளவு பேரைத் தொழிலுக்குப் பழக்குவதற்குரிய சட்டம் 1961-லேயே இயற்றப்பட்டுவிட்டது. தொழிற்பழகுநர் சட்டம் என்னும் அச்சட்டத்தின்படி, பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் எழுதப்பட்டுப் பதிவு செய்யப்படுகிறது. பயிற்சிக் காலமும் வேலை நேரமும் வரையறுக்கப்படுகின்றன. மாதந்தோறும் உதவித்தொகை வழங்கப்படுகிறது. முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு. 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றும், உதவித்தொகை தகுதிக்கேற்ப 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை இருக்கவேண்டும் என்றும் 2019-ஆம் ஆண்டுத் திருத்த விதிகள் கூறின. பழகுநரைக் குறைந்த கூலியாட்களாகச் சில நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. அது தனியே ஆராயத்தக்கது. எனினும் ஓர் இளைஞனுக்கு ஒரு வித்தையைக் கற்பிக்கவேண்டுமானால் காலமும் இடமும் பொறுப்பாளரும் பொருளும் வேண்டும் என்ற உண்மையை அரசு ஐயமற உணர்ந்திருக்கிறது என்பதற்கு அச்சட்டமே பிரத்தியட்சச் சான்று.

கலையின் பக்கம் திரும்பும்போது அதே அரசு அந்த உண்மையை மறந்துவிடுவதைக் காண்கிறோம். கலை பண்பாட்டுத் துறையின்கீழ் மாவட்டங்களில் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் குரலிசை, பரதநாட்டியம், ஓவியம் முதலியவற்றை வார இறுதி நாட்களில் கற்பிக்கின்றன. கற்பிப்போர் மதிப்பூதியம் பெறும் பகுதிநேரப் பணியாளர்கள். பள்ளிக்கூடங்களிலோ, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, நூறு பிள்ளைகளுக்கு மேற்பட்ட நடுநிலை வகுப்புகளுக்குக் கலைக்கல்வி, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றைக் கற்பிக்கப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று விதிக்கிறது. கலைக்கல்வி வேண்டும் என்று விதித்த அதே வரியிலேயே பகுதிநேரம் என்ற நிபந்தனையும் எழுதப்பட்டுவிட்டது. பின்னர் நேர்ந்த துன்பங்கள் பலவற்றுக்கும் அதுவே மூலம். அதையொட்டி 2012-இல் தமிழ்நாடெங்கும் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். அது படிப்படியாக உயர்ந்து 2021-இல் 10,000 ஆகவும், பின்னர் 12,500 ஆகவும் ஆயிற்று. மே மாதத்துக்கு ஊதியம் இல்லை என்ற முறையீட்டையும் பணிநிரந்தரக் கோரிக்கையையும் அவர்கள் ஆண்டுதோறும் எழுப்பி வந்திருக்கின்றனர். இடையிலேயே ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு நீங்கினர். 2012-இல் ஓவிய ஆசிரியருக்கு உரியதென்று கருதப்பட்ட 5,000 ரூபாயே 2019-இல் பழகுநர் உதவித்தொகையின் கீழ்வரம்பாக விதிக்கப்பட்டது. கற்பிப்பவருக்கு ஒரு காலத்தில் அளந்த படியும், கற்க வந்த சிறுவனுக்கு அடுத்த சில ஆண்டுகளில் அளந்த படியும் ஒன்றாயிருந்தமை கலையாசிரியரின் மதிப்பைப் பற்றி வேறு விளக்கம் வேண்டாதபடி உணர்த்துகிறது.

இந்நியமனம் நடைமுறையில் எவ்வாறு இயங்குகிறது என்பதை இவ்வட்டாரத்து அரசு நடுநிலைப்பள்ளியொன்றில் அருகிருந்து கண்டிருக்கிறேன். ஓவிய ஆசிரியை பகலுணவுக்குப் பின் வருகிறார். காலையில் வேறிடத்தில் தையல் வேலை. தனியறை கிடையாது. ஆகையால் ஏழாம் வகுப்பிலேயே பெஞ்சுகளை ஓரம் ஒதுக்கித் தரையில் சார்ட் தாளை விரிக்கிறார். பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் தெலுங்கும் சிலர் கன்னடமும் பேசுபவர். ஆசிரியை வண்ணங்களின் பெயரை மூன்று மொழியிலும் சொல்கிறார், எவரும் அவரை அப்படிச் சொல்லப் பணித்ததில்லை. எருது விடும் விழாவை வரையச் சொன்னபோது ஒரு சிறுமி காளையை விட்டுவிட்டு, அதன் கொம்பில் கட்டும் அலங்காரத் தட்டியை மட்டும் தாள் நிறைய வரைந்தாள். ஆசிரியை அதைத் திருத்தவில்லை. மூங்கிற்சட்டத்தில் காகிதப்பூ எப்படிக் கட்டப்படுகிறது என்று அவளையே மற்றவர்களுக்கு விளக்கச் சொன்னார். கற்பித்தலில் இதைவிட உயர்ந்த நுட்பம் எந்தக் கலைக்கல்லூரியிலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பாடம் தொடர்வதற்கு அடுத்த அரைநாள் வரவேண்டும். அந்த அரைநாளில் எமிஸ் என்னும் பள்ளித் தகவல் தளப் பதிவுக்கோ, வராத வேறோர் ஆசிரியரின் வகுப்புக்கோ அவர் அனுப்பப்படலாம்.

வயதின் கணக்கு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பகுதிநேர ஆசிரியரின் கலைப்பாடம் எட்டாம் வகுப்போடு, அதாவது 14 வயதை ஒட்டி, முடிகிறது; சிறுவர் மன்றத்தின் கதவு 16-இல் அடைபடுகிறது; தொழிற்சாலையின் கதவு 18-இல் திறக்கிறது. கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளி 12 முதல் 25 வயது வரையுள்ளோரைச் சேர்த்து, குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றை மூன்றாண்டு கற்பிக்கிறது. நாதசுரமும் தவிலும் தேவாரமும் பயில எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும் என்பது அதன் தாராள குணம். ஆனால் அது பகற்பள்ளி. ஒரு வாரம் முதல் ஷிப்ட், மறுவாரம் இரண்டாம் ஷிப்ட், அதன்பின் இரவு ஷிப்ட் என்று சுழலும் வாழ்வுடைய சூசூவாடி, மத்திகிரிப் பிள்ளைகளுக்கு அங்கு இடம் இருந்தும் இல்லாததே. நிலையான ஒரு மாலை வேளையை நம்பி அமைக்கும் எந்த வகுப்புக்கும் ஓசூரில் ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதியினர் வரமுடியாது. அந்த ஷிப்ட் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பாடத்தை வாரத்தில் இருமுறை நடத்தக்கூடிய முழுநேரப் பணியாளர் ஒருவர் இருந்தாலன்றி இதற்கு மாற்று இல்லை.

இவ்வாறு கூறும்போது எழும் ஆட்சேபம் ஒன்றுண்டு. நம் நாட்டில் கலை ஊதியத்தால் வளர்ந்ததன்று, குருசிஷ்ய பாவத்தால் வளர்ந்தது. கூத்து வாத்தியார் சம்பளம் கேட்டாரா, என்பது அது. இதைச் சொல்வோரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆயினும் வரலாற்றை அவர்கள் முழுமையாக நோக்கவில்லை. கோயிற் கலைஞர் மானிய நிலத்தால் ஜீவித்தனர். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படித்து இரவில் கூத்தாடும் மகாபாரத விழாவுக்கு ஊர்கள் வரி தண்டி, குழுவுக்குப் பணமும் அரிசியும் தங்குமிடமும் தந்தன. அர்ச்சுனன் தபசுக்கு மரமேறும் வேடதாரியின் பின்னால், பின்பாட்டுக்காரனாகவும் கட்டியங்காரனின் துணையாகவும் நின்று அடவு பழகிய சிறுவனுக்கு அந்தப் பருவம் முழுவதும் சோறு உறுதியாயிருந்தது. அதாவது பழைய முறையில் பயிற்றுவோர்க்கும் பயில்வோர்க்கும் பொருளாதார ஆதாரம் இருந்தது; ஊர் கொடுத்தது. அந்த ஆதாரம் தளர்ந்தபின், குருவின் தியாகத்தை மட்டும் அப்படியே எதிர்பார்ப்பது நியாயமாகாது.

மற்றோர் ஆட்சேபம், தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைக்குக் கலையால் என்ன பிரயோஜனம் என்பது. சென்னையில் 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியின் சரித்திரத்தை அறிந்தவர் இதை எழுப்பமாட்டார். சித்திரமும் வார்ப்புவேலையும் ஒரே கூரையின்கீழ் நடந்த அப்பள்ளியில்தான் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைச் சோதித்து நிலைநாட்டினார். அதே பள்ளிக்கு 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி தலைமையேற்றார். அதன் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணாக்கரும் 1966-இல் சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தில் குடியேறி, கைவினைப் பொருள்களை விற்று ஓவியம் தீட்டினர். கண்ணையும் கையையும் பழக்குவது என்ற அளவில் கலையும் தொழிலும் ஓரிடத்தில் பயிலத்தக்கவை. எனினும் என் வாதம் இந்தப் பயன்பாட்டை மட்டும் ஆதாரமாகக் கொண்டதன்று. எட்டு மணி நேரம் ஒரே திருகை முடுக்கும் பெண்ணுக்குப் பாடவும் வரையவும் உள்ள உரிமை, அதனால் உற்பத்தி பெருகுமா என்ற கணக்கைச் சார்ந்ததன்று.

பயிற்சியை நடத்துவோர் உறுதியாக இருந்தால் என்ன நேரும் என்பதற்குக் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் ஓர் உதாரணம் உண்டு. சிறுவயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்த பெ. ராஜகோபாலும், ஹன்னே டி புருயினும் 1990-இல் அமைந்த கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியே 2002-இல் ஒரு குருகுலத்தைத் தொடங்கினர். கூத்துக்காகப் படிப்பைத் துறக்கும் நிலை தனக்குப் பின்வரும் சிறுவர்க்கு நேரக்கூடாது என்ற ராஜகோபாலின் எண்ணத்தால், பள்ளிப்பாடமும் கூத்துப்பாடமும் அங்கு ஒருங்கே கற்பிக்கப்பட்டன. ஆண்களே ஆடிவந்த கூத்தில் சிறுமியர் வேடம் கட்டி, தோளணியாகிய புஜகீர்த்தி அணிந்து மேடையேறினர். 2020-இல் குருகுலம் மூடப்பட்டது. ஒரு தலைமுறைக் கலைஞரை உருவாக்கிய ஏற்பாடு தனியார் முயற்சியையும் நன்கொடையையும் மட்டும் நம்பி நிற்கவேண்டியிருந்தது என்பதையும், அத்தகைய ஏற்பாடு சாத்தியமே என்பதையும் அது ஒருங்கே காட்டியது.

இனிக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் செய்யத்தக்கது யாது? மாவட்டக் கலை மன்றம் கலைஞர்க்கு வயதின்படி கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என ஐந்து படிகளில் விருது வழங்குகிறது. புகழுக்கு ஐந்து படி கட்டிய நாம், உத்தியோகத்துக்கு ஒரு படியும் கட்டவில்லை. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடந்துவரும் கலைத் திருவிழா மிகச் சிறந்த முயற்சி; மலைக்கிராமத்துப் பிள்ளையும் மாநில மேடை வரை ஏறுகிறது. ஆயினும் போட்டிக்கு முன் பத்து நாள் தயார் செய்தவர் போட்டிக்குப் பின்னும் அந்தப் பிள்ளைக்குத் தொடர்ந்து கற்பிக்கவேண்டுமானால் அவருக்குப் பணியிடம் வேண்டும். பள்ளிக்கல்வித் துறையும் கலை பண்பாட்டுத் துறையும் கூடி, 16 முதல் 21 வயதுள்ளோர்க்கான கலைப் பழகுநர் திட்டம் ஒன்றை இம்மாவட்டத்தில் அமைத்து, தொழிற்பழகுநருக்கு உள்ளதுபோன்ற எழுத்து ஒப்பந்தத்தையும் உதவித்தொகையையும் அதற்கு அளித்து, அதை நடத்த நிரந்தர ஒருங்கிணைப்பாளர்களை நியமிக்கவேண்டும் என்பது என் கோரிக்கை. பழக இடங்களுக்குப் பஞ்சமில்லை. பர்கூர் வட்டாரத்தில் மல்லப்பாடிக் குன்றின் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. கிரானைட் பட்டறைகளில் உளிபிடிக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன. ஊர்தோறும் கூத்து வாத்தியார்கள் இன்னும் இருக்கின்றனர்.

அந்த ஒருங்கிணைப்பாளரின் அலுவலகம் மாவட்டத் தலைநகரில் மட்டும் இருந்தால் போதாது, ஓசூரிலும் இருக்கவேண்டும். தெலுங்கும் கன்னடமும் பேசத் தெரிந்திருத்தல் அவருக்கு ஒரு தகுதியாகக் கொள்ளப்படவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்னிரண்டு மாதமும் அவருக்கு ஊதியம் வேண்டும். பள்ளி மூடிக் கிடப்பதால் வேலையில்லை என்று கருதிக் கலையாசிரியர்க்கு ஊதியம் மறுக்கப்பட்டு வந்த மே மாதத்தில்தான், சித்திரையின் பிற்பகுதியும் வைகாசியின் முற்பகுதியுமான அந்நாட்களில்தான், மகாபாரதக் கூத்து இவ்வட்டாரக் கிராமங்களில் இரவெல்லாம் நடக்கிறது; பரீட்சை முடிந்த பிள்ளைகள் வீட்டில் இருப்பதும் அப்போதுதான்.